பேர் என்ன கண்ணு?

நாலு பேர் கூடி உட்கார்ந்து, பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டால் போதும். போட்டோக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க வீட்ல நடந்த கூத்தைக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் மனைவிக்கு அந்தக் கதை மனப்பாடம். எந்த இடத்தில் நிறுத்தி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார், எந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வார் என்பதுகூடத் தெரியும். மகளுக்கும் தெரியும். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரிக்காத ஒருவரை அவர் இன்னும் சந்தித்ததில்லை.

அவருக்குப் பள்ளிக்கூடங்களில் படம் எடுக்கிற வேலை. வகுப்பு வகுப்பாக வரிசையில் நிறுத்தி ஒரு படம், பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் ஸ்டூலில் உட்காரவைத்துத் தனிப் படம். கல்யாண வேலையை மகள் பிறந்த வருடமே விட்டுவிட்டார். "அது நேரங்காலம் இல்லாத வேலை, குடும்பத்துக்கு ஆகாது. ஸ்கூல் வேலைன்னா பகலோட முடிஞ்சிடும், பிள்ளையோட இருக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். ஆனால் பகலோடு முடிந்தது படம் எடுப்பது மட்டும்தான். பிறகு ஸ்டுடியோவுக்குப் போய், கண்ணை மூடிக்கொண்ட பிள்ளைகளைத் தனியே ஒதுக்கி, பிரிண்ட் போட்டு, வெட்டி, வகுப்புவாரியாக உறையில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது மகள் தூங்கியிருப்பாள். பள்ளி திறந்த புதிதில் மாதக்கணக்கில் இதே கதைதான்.

பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கேமராவுக்குள் குனிந்து பார்ப்பார், சட்டென்று மூக்கைக் கையால் பொத்திக்கொள்வார். "அச்சச்சோ! என் மூக்கு உள்ள விழுந்துடுச்சு! அங்க தெரியுதா பாரு!" என்று மூக்கடைத்த குரலில் கத்துவார். லென்ஸுக்குள் மூக்கைத் தேடப் போகிற பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அந்த நொடியில் ஒரு க்ளிக். எத்தனையோ பள்ளிக்கூடங்களில் அவருக்கு மூக்கு மாமா என்றே பேர்.

அந்த மூக்கு வித்தை பிறந்தது வீட்டுக் குளியலறையில். மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றவிடமாட்டாள், வீடே இடிந்துவிழுகிற மாதிரி அழுவாள். ஒரு நாள் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என் மூக்கு வாளிக்குள்ள விழுந்துடுச்சு!" என்றார். அழுகை நின்றுவிட்டது. குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து மூக்கு தினமும் காலையில் எங்கேயாவது விழும். ஷூவுக்குள், ஸ்கூல் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குள். மகள்தான் தேடிக் கண்டுபிடித்து ஒட்டவைப்பாள். பின்னால் ஏதோ ஒரு பள்ளியில் ஒரு முரட்டுப் பிள்ளை எதற்கும் சிரிக்காமல் முறைத்துக்கொண்டிருக்க, வேறு வழி தெரியாமல் அதையே அங்கேயும் செய்துபார்த்தார். பலித்தது. அதோடு அது வேலையில் சேர்ந்துகொண்டது.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய பள்ளியின் வேலையும் அவருக்கே கிடைத்தது. "எங்க அப்பாதான் வராரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். படம் எடுக்கிற அன்று காலையில் அம்மாவிடம் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டாள். வரிசையில் நின்றாள். தனக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பாவின் மூக்கு விழுவதைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். அவள் முறை வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தபோது அவர் விளக்கைத் திருகிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டே, "வா கண்ணு, நிமிர்ந்து உட்காரு. பேர் என்ன கண்ணு?" என்றார்.

பக்கத்தில் நின்ற டீச்சர் வாயைப் பிளந்தார். மகள் சொன்னபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, புது ஆளிடம் சொல்வதுபோல, அப்பா பேரையும் சேர்த்து முழுப் பேரையும் சொன்னாள்.

"அடடா, அழகான பேரு! அச்சச்சோ, என் மூக்கு..." க்ளிக்.

"சார்! அது உங்க பொண்ணு சார்!" என்று டீச்சர் சிரிப்பு தாங்காமல் கத்தினார். வகுப்பே கைகொட்டிச் சிரித்தது.

கதையில் இந்த இடம் வந்ததும் போட்டோக்காரர் நெற்றியில் அடித்துக்கொள்வார். பிறகு முத்தாய்ப்பாக, "வேலைன்னு வந்துட்டா நான் அப்படி. பெத்த பிள்ளையே எதிர்ல வந்து உட்கார்ந்தாலும் தெரியாது!" என்பார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. கூட வேலை பார்க்கிற பையன், அவளே தேர்ந்தெடுத்தவன். இரண்டு வீட்டாரும் சந்தித்துப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ஹோட்டலில் மேசை போட்டிருந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும் வந்திருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். நல்ல கலகலப்பான மனுஷி. சூப் வருவதற்குள் இரண்டு சம்பந்தி அம்மாக்களும் முட்டிவலி வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்து பேச்சு பிள்ளைகள் சின்ன வயதில் செய்த சேட்டைகள் பக்கம் திரும்பியது. போட்டோக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

எல்லாம் வழக்கம்போல நடந்தது. சம்பந்தி அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாப்பிள்ளைப் பையன், "நிஜமாவா மாமா? பேர் கேட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். சிரித்து ஓய்ந்த பிறகு சம்பந்தி அம்மா மகளின் கையைத் தட்டி, "பாவம்டா நீ. அன்னிக்கு அழுதிருப்பியே?" என்றார்.

"அழல ஆன்ட்டி" என்றாள் மகள். தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "ஆனா அதுக்கப்புறம் அந்த ஸ்கூல்ல நான் போட்டோவுக்கு நிக்கவே இல்ல."

"சும்மா சொல்றா" என்றார் போட்டோக்காரர். "நாலாவது படிக்கிறப்போ ரெண்டாவது வரிசையில ஓரமா நின்னியே. ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு. இப்பவும் என் கண்ணுல நிக்குது."

"அது நான் இல்லப்பா."

"எனக்குத் தெரியாதா? நானே நிறுத்தி நானே எடுத்தது."

"சரிப்பா" என்றாள் மகள். பிறகு மாப்பிள்ளைப் பையனிடம் ஐஸ்க்ரீம் சொல்லலாமா என்று கேட்டாள். பேச்சு கல்யாணத் தேதிக்குப் போய்விட்டது. போட்டோக்காரருக்கு மட்டும் மீதிச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'சரிப்பா' என்று அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததுதான் உறுத்தியது.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் முதல் வேலையாக ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார். எந்தப் பள்ளியில் எடுத்தாலும் ஒவ்வொரு வகுப்புப் படத்திலும் ஒரு பிரதி தனக்கென்று வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அட்டைப்பெட்டிகளில் பள்ளியும் வருடமும் எழுதி அடுக்கிவைத்திருந்தார். கீழே கம்ப்யூட்டரில் முகங்களுக்குத் தோல் நிறம் சரிசெய்துகொண்டிருந்த எடிட்டர் அம்மா தும்மினார். "என்ன சார், காலையிலேயே தூசியைக் கிளப்புறீங்க? எதைத் தேடுறீங்க?"

"எம்பொண்ணைத்தான்" என்றார் அவர், விளையாட்டாக.

நாலாம் வகுப்புப் படம் முதலில் கிடைத்தது. இரண்டாவது வரிசை, ஓரம், ரெட்டைப் பின்னல். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படத்தை ஜன்னல் பக்கம் பிடித்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் நீளம். மேல் பற்களுக்கு நடுவே இடைவெளி. யாரோ வீட்டுப் பிள்ளை. அவர் வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார். மூன்றாம் வகுப்புப் படத்தை எடுத்தார். ஐந்தாம் வகுப்பை எடுத்தார். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் உயரம் பார்த்து நிற்கவைக்கப்பட்டிருந்தார்கள், காலர்கள் சரியாக இருந்தன, யார் கண்ணும் மூடியிருக்கவில்லை. நல்ல வேலை. மகள் ஒன்றிலும் இல்லை.

தனிப் படங்களும் இல்லை. இரண்டாம் வகுப்பில் எடுத்தது ஒன்றுதான் இருந்தது. அதை அவர் இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லாம் அவரவர் படத்தில் லென்ஸுக்குள் மூக்கைத் தேடிச் சிரித்துக்கொண்டிருக்க, இவள் லென்ஸைப் பார்க்காமல் அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவருடைய நெற்றி இருந்திருக்கும். 'சரியா பார்க்கல, பரவாயில்ல, நம்ம பிள்ளைதானே' என்று அன்றைக்கு மறுபடி எடுக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. ஊரார் பிள்ளையாக இருந்திருந்தால் திரும்பக் கூப்பிட்டு எடுத்திருப்பார்.

"கிடைச்சுதா சார்?" என்றார் எடிட்டர் அம்மா.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வேலை நாளில் அவர் அப்படி வந்ததில்லை என்பதால் மனைவி பதறிப்போனாள். "என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"

அவர் மூன்று படங்களையும் மேசையில் பரப்பினார். "இதுல பாப்பா எங்கன்னு காட்டு பார்ப்போம்."

மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. "இதையெல்லாம் இப்பத்தான் நான் பார்க்கிறேன்" என்றாள். "வருஷா வருஷம் கேட்டேன், ஒரு காப்பி கொண்டாங்கன்னு. எல்லா வீட்லயும் காசு கொடுத்து வாங்கி மாட்டிவெச்சிருக்காங்க, நம்ம வீட்ல மட்டும் இல்லன்னு. நாளைக்கு நாளைக்குன்னீங்க. நானும் கேட்டு அலுத்துட்டேன்."

"அவ நிக்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"வேணும்னே போட்டோவுக்கு நிக்கலைன்னு தெரியாது. வயித்துவலின்னு தெரியும்." மனைவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "மூணாவதுல ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு, பொண்ணுக்கு வயித்துவலி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நான் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு ஓடினேன். உங்களுக்கும் போன் பண்ணினேன், நீங்க எடுக்கல. போய்ப் பார்த்தா நீங்க அங்கதான் கிரவுண்ட்ல ஏணி மேல நிக்கிறீங்க. ஒரு கூட்டத்தையே, 'வலது பக்கம் தள்ளு, இடது பக்கம் தள்ளு'ன்னு விரட்டிட்டிருந்தீங்க. கூப்பிடலாம்னு பார்த்தேன். 'வேணாம்மா, அப்பா வேலையா இருக்காரு'ன்னு அவதான் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு கேட்டுக்கு நடந்தா."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேங்க. அன்னிக்கே சொன்னேன். 'இப்ப எப்படி இருக்கு?'ன்னு கேட்டீங்க. நல்லாயிருக்குன்னேன். அப்புறம் தூங்கிட்டீங்க."

அவருக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. ரெட்டைப் பின்னல் நினைவிருந்தது, நடந்தது நினைவில்லை. கண்ணை நம்பிப் பிழைப்பு நடத்துகிற மனுஷனுக்கு இது எப்படி என்று புரியவில்லை. யோசித்து யோசித்து ஒன்று மட்டும் பிடிபட்டது. மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாள், நாம் அந்தப் பள்ளியில் படம் எடுக்கிறோம், ஆகவே மகளைப் படம் எடுத்திருக்கிறோம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஏதோ ஒரு பிள்ளையின் பின்னலையும் கடன் வாங்கிக்கொண்டது. வீட்டு விஷயம் முழுக்கவே அப்படித்தான் போயிருக்கிறதோ என்று தோன்றியது. அவளுக்கு எப்போது பல் விழுந்தது, எப்போது சைக்கிள் ஓட்டக் கற்றாள், யார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்? எல்லாவற்றிலும் தான் பக்கத்தில் நின்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கப் பயமாக இருந்தது. மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சைக்கிள் யாரு சொல்லிக்கொடுத்தா?"

"பக்கத்து வீட்டு அண்ணன்" என்றாள் மனைவி. "சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

அந்த வாரக் கடைசியில் மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து கல்யாணத் துணிமணி எடுக்க வந்தாள். அம்மா குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, அவர் ஹாலில் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. படத்தைக் காட்டவும் மனசு வரவில்லை.

"அந்த போட்டோ அன்னிக்கெல்லாம் நீ எங்க இருந்தே பாப்பா?"

அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "இன்னும் அதையே நினைச்சிட்டு இருக்கீங்களா? சிக் ரூம்ல இருந்தேம்பா. வயித்துவலின்னா அங்க படுக்கவெச்சிடுவாங்க."

"ஏம்மா?"

"மறுபடி பேர் கேட்டுடுவீங்களோன்னு பயம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "சின்னப் பிள்ளைதானே, அப்படித் தோணிச்சு. அந்த ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்தா கிரவுண்ட் நல்லா தெரியும். எங்க கிளாஸ் வரிசையில நிக்கிறது, நீங்க ஏணி மேல ஏறுறது, எல்லாம் பார்த்துட்டே இருந்தேன். எங்க எம்பொண்ணைக் காணோம்னு டீச்சர்கிட்ட கேப்பீங்கன்னு நினைச்சேன். கேட்டா உடனே ஓடிவரணும்னு ஷூகூடக் கழட்டல."

"அடுத்த வருஷமும் அப்படித்தான் பார்த்தியா?"

"இல்லப்பா. அடுத்த வருஷம் கதைப்புத்தகம் எடுத்துட்டுப் போயிட்டேன்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"என்னை நாலு வார்த்தை திட்டிடு பாப்பா" என்றார் அவர்.

"எதுக்குத் திட்டணும்? எனக்குக் கோவமெல்லாம் இல்லப்பா. நீங்க எங்களுக்காகத்தான் உழைச்சீங்க. அம்மாவும் அதைத்தான் சொல்லும்." அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். குரலில் துளி கசப்பில்லை. "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கதையைக் கல்யாணத்துல மட்டும் சொல்லாதீங்க. அவங்க சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க."

"சொல்லமாட்டேன். இனிமே எங்கேயும் சொல்லமாட்டேன்."

"அப்பா, அவ்வளவு பெருசா எடுத்துக்காதீங்க" என்று எழுந்து அவர் தோளைத் தட்டிவிட்டு, அம்மா கூப்பிடுகிறாள் என்று உள்ளே போனாள். அம்மா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யாரோ ஒருவர் பழைய பழக்கத்தில், "அந்தப் பேர் கேட்ட கதையை எடுத்துவிடுங்க" என்று மேடைக்குக் கீழே வந்து கேட்டபோது, "மறந்துபோச்சுங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

அடுத்த வருடம் பள்ளிகள் திறந்தன. ஏணியும் ஸ்டூலும் விளக்குகளும் வண்டியில் ஏறின. முதல் பள்ளியில் முதல் வகுப்பை வரிசையில் நிறுத்திவிட்டு ஏணியில் ஏறியவர், கேமராவைத் தொடாமல் டீச்சரைக் கேட்டார்: "யாராவது வராம இருக்காங்களா டீச்சர்?"

"ரெண்டு பேர் லீவு சார்."

"லீவைக் கேக்கல. ஸ்கூலுக்கு வந்துட்டு இங்க வராம?"

டீச்சர் ஒரு மாதிரி பார்த்தார். அந்த வகுப்பில் அப்படி யாரும் இல்லை. அடுத்த வகுப்பிலும் கேட்டார், அதற்கடுத்த வகுப்பிலும் கேட்டார். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீச்சர் தயங்கி, "ஒரு பொண்ணு கிளாஸ்லேயே இருக்கா சார். வரமாட்டேன்னு அடம். நீங்க எடுங்க, லேட்டாகுது" என்றார்.

"இவங்க கொஞ்சம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

வகுப்பறையில் கடைசி பெஞ்சில் அந்தச் சிறுமி தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் தானே கத்தரிக்கோலை எடுத்து முன்முடியை வெட்டிக்கொண்டாளாம். எலி கடித்த மாதிரி நெற்றியில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. போட்டோக்காரர் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தச் சேஷ்டையும் செய்யவில்லை. எப்படி வெட்டினாள், அம்மா என்ன சொன்னார், வலித்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வெயிலில் பிள்ளைகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலில் வந்து நின்று, "என்ன சார் இது? இப்படிப் போனா எப்ப முடிப்பீங்க? சாப்பாட்டு மணி அடிக்கப்போகுது" என்றார். "கோவிச்சுக்காதீங்க மேடம், இதோ வந்துட்டோம்" என்றார் அவர். சிறுமி கடைசியில் கைக்குட்டையோடுதான் வருவேன் என்றாள். சரி என்றார். அவளை மூன்றாவது வரிசை நடுவில் நிறுத்தினார். அவள் சிரிக்கவில்லை. அப்படியே எடுத்தார்.

அன்று மீந்துபோன வகுப்புகளுக்காக மறுநாளும் போக வேண்டியிருந்தது. அடுத்த வருடம் இந்தப் பள்ளி தன்னைக் கூப்பிடுமா என்பது சந்தேகம்தான் என்று அவருக்குத் தெரியும். எழுபது பள்ளிகளில் எழுபதாயிரம் பிள்ளைகளைத் தேடிப் போனாலும், அந்தச் சிக் ரூம் ஜன்னலில் ஷூவோடு காத்திருந்தவளுக்கு அதில் ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மனைவி இதை ஒரு நாள் போனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் பக்கத்து அறையில் உறைகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். "உங்கப்பா இப்பெல்லாம் ஒவ்வொரு கிளாஸ்லயும் ஏணியை விட்டு இறங்கி, யாரு வரலை, யாரு வரலைன்னு தேடிட்டுத் திரியிறாராம். எடிட்டர் அம்மா சொல்லிச் சிரிக்கிறாங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மறுமுனையில் மகள் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. மனைவி கொஞ்ச நேரம், "ம்... ம்..." என்றாள். பிறகு, "சரிம்மா, சனிக்கிழமை வரோம். திரைச்சீலைத் துணி எத்தனை மீட்டர் வேணும்னு ஜன்னலை அளந்து சொல்லு" என்றாள்.

மனைவி போனை வைத்ததும், "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"கேட்டுக்கிட்டா" என்றாள் மனைவி. "ஒண்ணும் சொல்லல."